மதிப்பெண்ணுக்கு முன் பிள்ளையைப் பார்ப்போம்: அரசு நடுநிலைப் பள்ளிகளின் கற்றல் நிலை பற்றி

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை, வகுத்தல் கணக்கு வரவில்லை என்று ஏதாவது ஓர் ஆய்வறிக்கையை ஒட்டி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. மறுநாளே விவாதம் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆசிரியர்கள் சரியில்லை என்பார்கள் ஒரு தரப்பினர். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் என்னதான் செய்யும் என்பார்கள் மறு தரப்பினர். ஒரு பள்ளியின் மதிப்பெண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் குடும்பச் சூழலின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை இரு தரப்பும் நிதானமாக எடுத்துக்கொள்வதில்லை. அறுபது ஆண்டுகளாக உலகெங்கும் கல்வியாளர்கள் விடை தேடிவரும் கேள்வி இது. தமிழ்நாட்டு அரசு நடுநிலைப் பள்ளியை முன்வைத்து, இதுவரை தெரியவந்திருப்பதை இங்கே தொகுத்துப் பார்க்கலாம்.

நடுநிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. தொடக்கக் கல்வியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளை ஊரே கொண்டாடுகிறது. இடையில் உள்ள 6, 7, 8 ஆம் வகுப்புகள் யார் கண்ணிலும் படுவதில்லை. பிள்ளை படிப்பில் நிலைப்பதும் நழுவுவதும் இந்த மூன்று ஆண்டுகளில்தான் பெரும்பாலும் முடிவாகிறது.

யார் படிக்கிறார்கள்?

பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவருவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1920இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956இல் காமராஜர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். கருணாநிதி ஆட்சியில் முட்டை சேர்ந்தது. பள்ளி வாசலையே மிதிக்காத குடும்பங்களின் பிள்ளைகள் இப்படித்தான் வகுப்பறைக்கு வந்தார்கள்.

அதே காலத்தில் இன்னொரு நகர்வும் நடந்தது. 1980களுக்குப் பிறகு மெட்ரிக் பள்ளிகள் பெருகின. கட்டணம் கட்ட முடிந்தவர்கள் ஒவ்வொருவராக அரசுப் பள்ளியை விட்டு விலகினார்கள். முதலில் அரசு ஊழியர், கடைக்காரர், நிலம் உள்ளவர் வீட்டுப் பிள்ளைகள் போனார்கள். பிறகு கடன் வாங்கியாவது கட்டணம் கட்டத் துணிந்த ஓட்டுநரின் பிள்ளையும் கொத்தனாரின் பிள்ளையும் போனார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் தொடக்க நிலை வகுப்பில் 25% இடங்கள் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படுகின்றன. அவர்களுக்கான கட்டணத்தை அரசே செலுத்துகிறது. ஏழைகளிலும் விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் வாங்கி, அலைந்து திரிந்து பிள்ளையைச் சேர்க்கும் முனைப்பு உள்ள குடும்பங்கள் இந்த வழியில் வெளியேறின.

மிச்சம் இருப்பவர்கள் யார்? விவசாயக் கூலிகள், கட்டடத் தொழிலாளர்கள், வீட்டுவேலை செய்யும் தாய்மார்கள், பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போனதால் பாட்டி வளர்க்கும் பிள்ளைகள். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளின் விகிதம் மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்கைவிட இப்பள்ளிகளில் அதிகம். ஒரே வீட்டில் பையனைத் தனியார் பள்ளிக்கும் பெண்ணை அரசுப் பள்ளிக்கும் அனுப்பும் வழக்கமும் உண்டு. திருப்பூர், திருவள்ளூர் போன்ற மாவட்டங்களில் ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 80%. பட்டியல் சாதியினரிடையே அது 73%, பழங்குடியினரிடையே 54%. அந்த இடைவெளியில் இருந்த பெற்றோரின் பிள்ளைகள்தான் இன்று பலகைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அளவுகோல்கள் எதை அளக்கின்றன?

கற்றலை அளக்க நம்மிடம் பல கருவிகள் இருக்கின்றன. பிரதம் அமைப்பின் அசர் ஆய்வு கிராமப்புற வீடுகளுக்கே சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறது; எளிய கணக்குப் போடச் சொல்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அடைவு ஆய்வு 2017லும் 2021லும் நடந்தது. அதன் இடத்தில் 2024 டிசம்பரில் 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்கு ‘பரக்’ தேசிய ஆய்வு நடந்தது. தமிழ்நாடு 2025இல் 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்குச் சொந்தமாக மாநில அடைவு ஆய்வை நடத்தியது.

இவற்றைப் படிக்கும்போது கவனம் தேவை. 2024 அசர் அறிக்கைப்படி, இந்தியக் கிராமங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் 45.8 விழுக்காட்டினருக்கே மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிகிறது. இது அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டையும் சேர்த்த எண். வகுத்தல் பிரச்சினை அரசுப் பள்ளிக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்த ஓர் எண்ணே காட்டிவிடுகிறது.

சராசரிக்குள் ஆள் மாறுவதும் ஒரு சிக்கல். கிராமப்புறத்தில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் சேர்ந்திருந்தவர்கள் 2018இல் 65.6%. கொரோனாவுக்குப் பின் 2022இல் இது 72.9% ஆனது. 2024இல் 66.8% என்று பழைய இடத்துக்கே திரும்பியது. வருமானம் இழந்து தனியார் பள்ளியிலிருந்து வந்தவர்கள் நிலைமை சீரானதும் போய்விட்டார்கள். இப்படிப் பிள்ளைகளே மாறிக்கொண்டிருக்கும்போது, 2018இன் சராசரியையும் 2022இன் சராசரியையும் பக்கத்தில் வைத்து “அரசுப் பள்ளி முன்னேறிவிட்டது” என்றோ “சரிந்துவிட்டது” என்றோ சட்டென்று சொல்ல முடியாது.

ஒற்றைப் பள்ளி அளவில் சிக்கல் இன்னும் கூடுகிறது. எட்டாம் வகுப்பில் பன்னிரண்டே பேர் படிக்கும் நடுநிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை தேர்வு நாளில் வராமல் போனாலோ, குடும்பத்தோடு ஊர் மாறினாலோ அந்தப் பள்ளியின் விழுக்காடு எட்டுப் புள்ளிக்கு மேல்கூட ஏறி இறங்கலாம். அந்த ஏற்ற இறக்கத்துக்கும் ஆசிரியரின் உழைப்புக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

குடும்பமா, பள்ளியா?

இந்த விவாதத்தின் தொடக்கப்புள்ளி அமெரிக்காவில் 1966இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை. ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்த அந்த அறிக்கை, கட்டடம், நூலகம், செலவு ஆகியவற்றைவிடப் பிள்ளையின் குடும்பப் பின்னணியும் உடன் படிக்கும் பிள்ளைகளின் பின்னணியும்தான் மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கின்றன என்று சொன்னது. பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள்.

1983இல் ஹைன்மன், லாக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 29 நாடுகளின் தரவுகளை வைத்து அந்த முடிவைச் சோதித்தார்கள். பணக்கார நாடுகளில் குடும்பத்தின் பங்கு பெரிது; ஏழை நாடுகளுக்குப் போகப்போகப் பள்ளி, ஆசிரியர் ஆகியவற்றின் பங்கு கூடுகிறது என்று கண்டார்கள். அந்த முடிவு எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்துமா என்ற விவாதம் பிறகும் தொடர்ந்தது. ஆனாலும் அதன் உட்பொருள் நமக்கு முக்கியமானது. வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்கு எழுத்து கிடைக்கும் ஒரே இடம் பள்ளி. அந்தப் பள்ளி நன்றாக இருந்தால் பிள்ளையின் கையில் எல்லாம் வந்து சேரும். மோசமாக இருந்தால் எதுவுமே சேராது.

நம் பக்கத்து மாநிலத்திலேயே ஒரு முக்கியமான சோதனை நடந்தது. ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசக் கிராமங்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குக் குலுக்கல் முறையில் உதவித்தொகை கொடுத்துத் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் செய்த இந்த ஆய்வு 2015இல் வெளியானது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் தெலுங்கு, கணிதம், ஆங்கிலம், அறிவியல்–சமூக அறிவியல் ஆகியவற்றில், உதவித்தொகை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னே நின்றார்கள். தனியார் பள்ளியின் உயர்ந்த மதிப்பெண்ணில் பெரும்பகுதி அங்கே சேரும் குடும்பங்களின் வசதியால் வருவது என்பதே இதன் பொருள். தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு அரசுப் பள்ளி செய்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்ற செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது. அரசுப் பள்ளியை நேசிப்பவர்கள் இதையும் மறைக்காமல் எதிர்கொள்ள வேண்டும்.

சாதி வகுப்பறைக்குள் என்ன செய்கிறது?

பின்னணி என்று சொல்லும்போது வருமானத்தை மட்டும் பேசிவிட்டுச் சாதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7 ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் புதிர்ப்பாதைத் தாள்களைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாருடைய சாதியையும் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஏறத்தாழச் சமமாகவே செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொருவரின் சாதியையும் வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. பிள்ளைகளின் திறமை அப்படியே இருந்தது. அவமான உணர்வு அதை வெளியே வரவிடாமல் தடுத்தது. ரேமா ஹன்னாவும் லீ லிண்டனும் 2012இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், விடைத்தாளின் முகப்பில் தாழ்த்தப்பட்ட சாதி என்று குறிப்பிடப்பட்டிருந்தால் திருத்துபவர்கள் சற்றே குறைத்து மதிப்பெண் போட்டது தெரியவந்தது.

இதெல்லாம் வடக்கே நடப்பது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை நீக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கற்றல் அடைவு பற்றிய கூட்டங்களிலும் இந்தப் பரிந்துரைகளை மேசைமேல் வைக்க வேண்டும்.

வருகைப் பதிவேடு சொல்வது

ஒரு பள்ளியைத் தெரிந்துகொள்ள அதன் மதிப்பெண் பட்டியலைவிட வருகைப் பதிவேடு உதவும். தை பிறந்ததும் சில பெயர்களுக்கு நேரே வரிசையாக ‘ஆப்சென்ட்’ விழும். அந்தக் குடும்பங்கள் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ கிளம்பியிருக்கும். முகூர்த்த நாட்களில் எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலர் இருக்க மாட்டார்கள். கேட்டரிங் ஆட்களோடு பந்தி பரிமாறப் போயிருப்பார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரு மாதம் தொடர்ந்து வராமல் இருப்பாள். பெரியவளான பிறகு சடங்கு முடியும்வரை வீட்டில் வைத்திருப்பார்கள். திரும்பி வரும்போது பின்னமும் இயற்கணிதத்தின் முதல் பாடமும் முடிந்திருக்கும். திங்கட்கிழமை வராத பிள்ளையின் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை அப்பா குடித்துவிட்டு வந்திருக்கலாம்.

ஆறாம் வகுப்புக் கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கின் மேல் நிற்பது. இடையில் ஒரு மாதம் விட்டுப்போனால் அதற்கு அடுத்த மாதப் பாடமும் புரியாது. தேர்வில் அந்தப் பிள்ளை வாங்கும் குறைந்த மதிப்பெண் விட்டுப்போன நாட்களின் கணக்கு. அதைப் பிள்ளையின் மூளையின் அளவாகவோ ஆசிரியரின் திறமையின் அளவாகவோ எடுத்துக்கொள்வது அநியாயம்.

ஆறாம் வகுப்பில் நிற்கும் காலை உணவு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விரிவானது. பசியோடு வரும் பிள்ளை பாடத்தைக் கவனிக்காது என்ற எளிய உண்மையை ஏற்றுக்கொண்ட நல்ல திட்டம் அது. ஆனால் அது 1 முதல் 5 ஆம் வகுப்பு வரைதான். நடுநிலைப் பள்ளியில் 1 முதல் 8 வரை ஒரே வளாகம். காலை எட்டரை மணிக்கு ஐந்தாம் வகுப்புத் தங்கை தட்டில் ரவை உப்புமாவும் சாம்பாரும் வாங்கிச் சாப்பிடுகிறாள். அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்த ஏழாம் வகுப்பு அண்ணன் வராந்தாவில் நிற்கிறான். விடிகாலையிலேயே வேலைக்குக் கிளம்பிப்போன அம்மா இருவருக்குமே எதுவும் சமைத்து வைக்கவில்லை. வளரும் பருவத்தில் பசி அதிகம் எடுக்கும் வயதில் இருப்பவன் அந்த அண்ணன்தான்.

உணவு மட்டுமன்று, கவனமும் ஐந்தாம் வகுப்போடு தேய்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. பிறகு ஐந்தாம் வகுப்பு வரை நீண்டது. அதற்கு முன்பே ஐந்தாம் வகுப்பைத் தாண்டிவிட்ட பிள்ளைகள் கொரோனாவில் பள்ளி மூடியிருந்த காலத்தின் இழப்போடு மேலே போனார்கள். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரை அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓர் ஆசிரியர் வேண்டும் என்கிறது. பிள்ளைகள் குறைந்த பள்ளியில் ஓர் ஆசிரியர் மாறுதலாகிப் போனாலோ நீண்ட விடுப்பில் போனாலோ தமிழாசிரியர் கணக்கும் எடுக்க வேண்டியதாகிறது. இருப்பவர்களும் கல்வித் துறையின் தகவல் மேலாண்மை அமைப்பான எமிஸ் செயலியில் விவரம் ஏற்றுவதில் பாட நேரத்தை இழக்கிறார்கள்.

அரசு தரும் பெரிய வாய்ப்புகளோ இந்த வகுப்புகளிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. மருத்துவப் படிப்பில் 2020இல் கொண்டுவந்த 7.5% உள் ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் 6ஆம் வகுப்பிலிருந்தே கணக்கு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி–திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் வென்றால் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய் கிடைக்கும். பரிசுக்கான ஓட்டத்தை ஆறாம் வகுப்பில் தொடங்கச் சொல்லிவிட்டு, ஓடுவதற்கான தெம்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக்கொள்வது முரண்பாடு.

இதற்குப் பிள்ளைகளை ஃபெயிலாக்குவது தீர்வாகாது. 5, 8 ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்த தமிழ்நாடு அரசு, எதிர்ப்புக்குப் பிறகு 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் கட்டாயத் தேர்ச்சியை நீக்கியபோதும் தமிழ்நாடு எட்டாம் வகுப்பு வரை அதைத் தொடர்கிறது. இது சரியான முடிவு. ஃபெயிலாக்கப்பட்ட முதல் தலைமுறைப் பிள்ளை அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்து தேறுவதைவிட, வேலைக்குப் போய்விடுவதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் தேர்ச்சி போடுவதோடு கடமை முடிந்தது என்று பள்ளி நினைத்தால் அந்தக் கொள்கையின் நோக்கமே கெட்டுவிடும்.

மீட்க முடியும் என்பதற்குச் சான்று

பின்னணி என்பது தலைவிதி அன்று. அதற்கான வலுவான சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பள்ளி மூடியிருந்த காலத்தில் மொழியைவிடக் கணிதத்தில் இழப்பு அதிகம் இருந்தது. ஏழைக் குடும்பப் பிள்ளைகள் கூடுதலாக இழந்திருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகள் அந்த மீட்சியில் சுமார் கால் பங்குக்குக் காரணமாக இருந்தன. அதிகம் இழந்திருந்த ஏழைப் பிள்ளைகளே வேகமாகவும் மீண்டார்கள். பெரும்பாலும் அந்தந்தத் தெருவைச் சேர்ந்த படித்த பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில், திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் செய்த வேலை இது. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்து சொல்லிக்கொடுத்தால் கற்றல் நகரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை. 2025இல் 6ஆம் வகுப்பிலிருந்து அடிப்படைத் திறனில் பின்தங்கியவர்களுக்காக அரசு தொடங்கிய ‘திறன்’ இயக்கமும் இதே திசையில் வைத்த அடிதான். ஒரு பருவத்தோடு நின்றுவிடாமல் அது தொடர வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

பின்னணியைக் கணக்கில் எடுத்தால் ஆசிரியர்களுக்குச் சாக்குக் கிடைத்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தில் நியாயம் உண்டு. “இந்தத் தெருப் பிள்ளைகள் இவ்வளவுதான்” என்று ஓர் ஆசிரியர் முடிவுகட்டிவிட்டால் அதைவிடப் பெரிய தீங்கு அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அதனால் பின்னணித் தரவு ஒரே ஒரு வேலைக்குப் பயன்பட வேண்டும்: எந்தப் பள்ளிக்கு அதிகம் கொடுக்க வேண்டும் என்று அரசு முடிவுசெய்வதற்கு. பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று ஆசிரியர் முடிவுசெய்வதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

பள்ளியை மதிப்பிடும் முறையும் மாற வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் நுழையும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன தெரிந்திருந்தது, எட்டாம் வகுப்பு முடிக்கும்போது என்ன தெரிகிறது என்று பார்த்தால் பள்ளி செய்த வேலை தெரிந்துவிடும். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளையைப் பத்தியை வாசிக்கவைத்து அனுப்பிய பள்ளி, நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை வாங்கி அப்படியே அனுப்பிய பள்ளியைவிட மேலானது. இன்றைய தரப்பட்டியல்களில் முன்னது கீழேயும் பின்னது மேலேயும் நிற்கின்றன.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசிய கையோடு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சரளமாக வாசிக்க வருகிறது, கணக்குக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா, எந்தெந்த மாதங்களில் எந்தப் பிள்ளைகள் வராமல் போகிறார்கள் என்றும் கேளுங்கள். பதிலைத் தீர்மான ஏட்டில் எழுதவையுங்கள். அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று: காலை உணவு எட்டாம் வகுப்பு வரை வேண்டும். பிள்ளைகள் எத்தனை குறைவாக இருந்தாலும் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் கணித–அறிவியல் ஆசிரியர் ஒருவர் நிரந்தரமாக வேண்டும். முதல் தலைமுறைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிக்குக் கூடுதல் ஆளும் கூடுதல் நிதியும் வேண்டும். இவற்றைக் கொடுத்த பிறகு அந்தப் பள்ளியின் மதிப்பெண்ணைப் பற்றிக் கேள்வி கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கும்.